செப்புக் கோடும் சேலத்துப் பாடமும்

தோழா!

பலகை என்றதும் உன் நினைவில் எழுவது எது? பள்ளிக்கூடத்துக் கரும்பலகையா? படிப்பகத்தின் வாயிலில் காலைதோறும் சுண்ணக்கட்டி கொண்டு செய்தி எழுதுகிறாயே, அந்த அறிவிப்புப் பலகையா? ஊர் முனையில், கொடிக்கம்பத்தின் அருகே நிற்கும் கட்சிக் கிளையின் பெயர்ப் பலகையா? இவை யாவும் நாம் அறிந்த பலகைகள். இந்த ஞாயிறு உன்னோடு நான் பேச விழைவது, நாள் முழுதும் நீ கையிலே வைத்திருந்தும் கண்ணாலே பார்த்திராத ஒரு பலகையைப் பற்றி!

உள்ளங்கையினும் சிறியது. பெரும்பாலும் பச்சை நிறம். அதன் மேல் செப்புக் கோடுகள், சிலந்தி வலையினும் நெருக்கமாக. உன் கைப்பேசிக்குள் அது இருக்கிறது. வயலில் நீர் இறைக்கும் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. மருத்துவமனையில், நோயாளியின் நெஞ்சத் துடிப்பைக் காட்டும் கருவியில் இருக்கிறது. ஏன், தேர்தல் நாளன்று வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, நம்பிக்கையோடு பொத்தானை அழுத்துகிறோமே, அந்த வாக்குப்பதிவு இயந்திரத்திலும் இருக்கிறது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பது அதன் பெயர். பட்டறையில் பி.சி.பி. என்பார்கள்; போர்டு என்றாலும் புரிந்துகொள்வார்கள்.

"அரசியல் எழுத வேண்டிய இடத்தில் மின்சாரப் பலகைக்கு என்ன வேலை? மேடையில் பேசுவதும் நாடகம் எழுதுவதுமாக இருப்பவருக்கு, கல்லூரிப் படிப்பையும் பாதியில் விட்டவருக்கு, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். கைத்தறித் துணிக்கு அரசியலில் என்ன வேலை என்றுங்கூட ஒரு காலத்தில் கேட்டார்கள். 1953ஆம் ஆண்டில், நெசவாளர் வீட்டு அடுப்பு அணைந்தபோது, நம் முன்னோடிகள் துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். தறி நின்றால் குடி கெடும் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள். ஒரு நாடு எதைத் தன் கையால் செய்கிறது, எதற்காகப் பிறர் வாயிலில் நிற்கிறது என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் எது, தோழா?

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம்.

கண்ணாடி இழையால் நெய்த துணி. அதை எபாக்சி என்னும் பிசினிலே தோய்த்து, அடுக்கி, சூட்டிலே அழுத்தினால் கெட்டியான பலகை கிடைக்கும். வழக்கமான கனம் 1.6 மில்லிமீட்டர். அதன் மேல் செப்புத் தகட்டை ஒட்டுகிறார்கள். அந்தத் தகட்டின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழப் பாதி! அதன் மேல் ஒளியுணரும் படலம் ஒன்றைப் பரப்பி, சுற்றின் படத்தை ஒளியால் பதிக்கிறார்கள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் படலம் இறுகிக் காப்பாக நிற்கும். மற்ற இடத்துச் செம்பை அமிலமும் உப்பும் அரித்துக் கொண்டுபோய்விடும். எஞ்சுவதே சுற்று. துளையிடுவதும், துளைகளின் உட்சுவருக்குச் செப்பு முலாம் பூசுவதும் வழக்கமாக அரிப்பதற்கு முன்பே முடிந்திருக்கும். பின்னர் மேலே பச்சைப் பூச்சுக் கொடுத்து, ஒவ்வொரு கோடும் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று சோதித்து அனுப்புகிறார்கள். இரண்டு பக்கமும் கோடு இருந்தால் இரட்டைப் பலகை. நான்கு, ஆறு, பத்து என்று அடுக்கி ஒட்டினால் பல்லடுக்குப் பலகை. அதில் உள் அடுக்கின் கோடுகளை முதலிலேயே அரித்து முடித்து, ஒட்டிய பிறகே துளையிடுவார்கள். கைப்பேசிக்கு வேண்டியது அதனினும் நுண்ணியது. அதற்குத் துளையூசியால் துளையிட முடியாது. லேசர் ஒளிக்கற்றையால் துளைக்க வேண்டும்.

இந்த முறையைக் கேட்டதும், நம் பழைய அச்சுக்கூடத் தோழர்கள் புன்னகை புரிவார்கள். ஆம்! தலைவர்களின் படத்தைப் பத்திரிகையில் அச்சிட, துத்தநாகத் தகட்டிலே ஒளியால் படம் பதித்து, அமிலத்தில் அரித்து, 'பிளாக்' செய்தார்களே ஒரு காலத்தில்! அதே கலைதான் இது. பத்திரிகைக்காரனின் கலை மின்சாரக்காரனின் கைக்குப் போயிற்று. அதனால்தான் 'அச்சிட்ட' என்னும் அடைமொழி.

இந்தக் கலையை மின்சுற்றுக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் பால் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்தவர். பொறியியல் கற்றவர், யூதராகப் பிறந்ததால் தாய்நாட்டிலே அவருக்குக் கதவுகள் சாத்தப்பட்டன. அச்சுத்தொழிலோடும் பத்திரிகைத் தொழிலோடும் பழகியவர், 1936இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே, அச்சிட்ட சுற்றால் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்து, வானொலி நிறுவனம் ஒன்றிடம் காட்டினார். என்ன விடை கிடைத்தது, தெரியுமா? கம்பிகளைக் கையால் இணைக்கும் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் மலிவானவர்கள், வளைந்துகொடுப்பவர்கள், ஆகவே புதுமுறை தேவையில்லை! ஐஸ்லரே பிற்காலத்தில் இதை எழுதி வைத்தார். பின்னர்ப் போர் மூண்டது. குண்டுகளின் வெடிமுனைக்கு உறுதியான சுற்று தேவைப்பட்டபோது அமெரிக்கர் இந்த முறையை ஏற்றனர். உலகெங்கும் பரவிற்று.

மலிவான பெண்கள், வளைந்துகொடுக்கும் பெண்கள் - இந்தச் சொற்களை மனத்திலே இருத்திக்கொள், தோழா. மறுபடியும் இவற்றைச் சந்திக்க நேரும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

கணக்கைப் பார்த்தால் களிப்புத்தான். இந்தியாவில் உருவான கைப்பேசிகளின் மதிப்பு 2014-15இல் ஏறத்தாழ 18,000 கோடி ரூபாய், 2024-25இல் 5.45 இலட்சம் கோடி! தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020-21இல் 1.66 பில்லியன் டாலர், 2024-25இல் 14.65 பில்லியன் டாலர்! இந்திய மாநிலங்களுள் முதலிடம்! திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் இரவைப் பகலாக்கும் ஆலைகள். இதைக் கண்டு மகிழாதவன் இந்த மண்ணின் மைந்தனாக இருக்க முடியாது.

ஆயினும், களிப்பிலே ஒரு கேள்வியைக் கைவிட்டுவிடக் கூடாது.

திருமண வீடு. பந்தி நடக்கிறது. இலை போடுகிறோம்; நீர் தெளிக்கிறோம்; சோறும் குழம்பும் பொரியலும் பாயசமும் பதமாகப் பரிமாறுகிறோம். உண்டவர் வாழ்த்துகிறார்; "அருமையான விருந்து" என்கிறார். ஆனால் அரிசி எவன் வீட்டுக் களஞ்சியத்தது? சமையற்கட்டு எவன் வீட்டில் இருக்கிறது? அவன் ஒரு நாள் மனம் மாறி, அண்டாவை மூடிவிட்டால் நம் பந்தி என்னவாகும்? பரிமாறுதல் இழிவன்று, அதுவும் உழைப்பே. அது பல்லாயிரம் குடும்பத்துக்குச் சோறிடுகிறது. ஆனால், பரிமாறுகிறவன் தன்னைச் சமையற்காரன் என்று எண்ணிக்கொண்டால், ஏமாறுகிறவன் அவனே.

உதிரிப் பாகங்களைப் பலகையில் பொருத்தி, பெட்டியில் அடைத்து அனுப்புவது பரிமாறுதல். பலகையை உருவாக்குவது சமையல். பலகைக்கு வேண்டிய கண்ணாடித் துணி, பிசின், செப்புத் தகடு, துளையூசி, மருந்துநீர், இயந்திரம் ஆகியவற்றைச் செய்வது உழவு! உலகில் உருவாகும் மின்சுற்றுப் பலகைகளில் பாதிக்கு மேல் சீனத்து மண்ணில் உருவாகின்றன. நம் பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன், தான் வரைந்த புதிய சுற்றைச் சோதித்துப் பார்க்க ஐந்து பலகை வேண்டுமென்றால், ஷென்சென் நகரத்து ஆலைக்குக் கணினி வழியே படத்தை அனுப்புகிறான். அங்கிருந்து வருவது விரைவும், மலிவும், செம்மையுமாக இருக்கிறது. அவனைக் குறை கூறி என்ன பயன்? அம்பத்தூரிலே அதே விலைக்கு, அதே நாளுக்குள் கிடைத்தால் அவன் ஏன் ஷென்சென் நோக்கிப் போகிறான்?

"உலகமே ஒரு சந்தை, எங்கே மலிவோ அங்கே வாங்குவோம், நாமே செய்ய வேண்டும் என்பது பழைய பாட்டு" என்று பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு விடை தந்துவிட்டது. அரிய மண் தனிமங்களும் அவற்றால் ஆன காந்தங்களும் வெளிநாடு செல்வதற்கு அவ்வாண்டு ஏப்ரலில் சீன அரசு கட்டுப்பாடு விதித்தது. விரல் நுனியளவு காந்தம் வராமற்போனதால், மலையளவு மூலதனம் போட்ட மோட்டார் வாகன ஆலைகள் கலங்கி நின்றன. காந்தத்துக்கு நேர்ந்தது பலகைக்கு நேராது என்று எழுதிக் கொடுத்திருப்பவர் யார்?

நாம் பின்தங்கியது விதியால் அன்று. அறிவில்லாமல் அன்று. 1954இல் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிறந்தது. 1967இல் ஐதராபாத்தில் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. 1977இல் நம் மாநிலம் எல்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. பலகை செய்யும் கலை இந்நாட்டுக்குத் தெரியாத கலையன்று.

பின் எங்கே இடறினோம்? 1997இல் இந்தியா, தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் பற்றிய உலக ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன்படி, மின்சுற்றுப் பலகை உள்ளிட்ட பொருள்கள் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து, 2005க்குள் முற்றிலும் நீங்கியது. முடிந்த பலகை சுங்கமின்றி உள்ளே வரும். அதைச் செய்வதற்கான மூலப்பொருள் பலவற்றுக்கோ சுங்கம் கட்ட வேண்டும். நெல்லுக்கு வரி, சோற்றுக்கு வரியில்லை என்றால் எவன் உலை வைப்பான்? "செய்வதைக் காட்டிலும் வாங்கி விற்பது மேல்" என்று சிறு தொழிலதிபர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அப்போது டெல்லியில் அமர்ந்திருந்த கூட்டணியில் தமிழ்நாட்டுக் கட்சிகளும் இருந்தன. ஆகவே ஒருவர் தலையில் பழியை ஏற்றிவிட்டுக் கைகழுவ எவராலும் முடியாது. ஆனால், சுங்கவரி விதிக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. ஆலைக்கு நிலம் தருவது மாநிலம். நீர் தருவது மாநிலம். சாலை, மின்சாரம், படித்த பிள்ளைகள் எல்லாம் தருவது மாநிலம். அந்த ஆலை வாழ்வதா வீழ்வதா என்று தீர்மானிக்கும் வரியோ டெல்லியின் பேனா முனையில்! 1969இல் இராசமன்னார் குழுவை அமைத்து மாநில சுயாட்சியை ஆராயச் சொன்னது ஏட்டுச் சுரைக்காய்க்காக அல்ல, இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

காலம் கடந்தேனும் கதவு இப்போது திறந்திருக்கிறது. சீனத்திலிருந்தும் ஆங்காங்கிலிருந்தும் வரும் ஆறு அடுக்கு வரையிலான பலகைகளுக்கு எதிராக 2024இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிப்பொருள் உற்பத்தித் திட்டத்தை ஏற்றது. 91,600 பேருக்கு நேரடி வேலை என்பது அதன் இலக்கு. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு, அதற்கு இணையான ஊக்கத்தொகை தரும் தன் திட்டத்தை அறிவித்தது. 30,000 கோடி முதலீடு, 60,000 வேலை என்பது இதன் இலக்கு. அக்டோபர் 27 அன்று டெல்லி ஒப்புதல் அளித்த முதல் 7 ஆலைகளில் 5 தமிழ்நாட்டுக்கு! பல்லடுக்குப் பலகை, கைப்பேசிக்கான நுண்பலகை, அதற்கு அடிப்படையான செப்புத் தகடு ஒட்டிய பலகை ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. பெருமைக்குரிய செய்தியே.

அதே நாளில் டெல்லி கூறிய இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஆலைகள் எல்லாம் எழுந்து ஓடினால், நாட்டின் பலகைத் தேவையில் நூற்றுக்கு 20 நிறைவேறுமாம். நூற்றுக்கு 20! மீதி 80? அந்த எண்பதை மறந்து, இருபதுக்கு மட்டும் தோரணம் கட்டினால் போதுமா?

இங்கேதான், தோழா, உன்னைச் சேலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது. சேலத்தில் உருக்காலை வேண்டும் என்று இந்த மண் கேட்டது. ஆண்டாண்டாகக் கேட்டது. 1967இல் எழுச்சி நாள் நடத்திக் கேட்டது. 1970இல் அடிக்கல் விழுந்தது. ஆலை ஓடத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். ஓடியது எது? மலைத் தாதை உருக்கி எஃகாக்கும் உலையா? இல்லை! வேறிடத்தில் உருவான எஃகை வாங்கி, குளிர்நிலையில் தகடாக உருட்டும் ஆலை! அந்தத் தகடு உலகப் புகழ் பெற்றது, மறுக்கவில்லை. சேலத்துத் தொழிலாளியின் கைத்திறனுக்கு அது சான்று. ஆனால், எஃகை அங்கேயே உருக்கும் பகுதி வந்தது 2010இல். அடிக்கல்லுக்கும் உருக்குக்கும் இடையே 40 ஆண்டு! அப்போதும் கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே கிடந்தது. உருக்காலை கேட்டவனுக்கு உருட்டாலை தந்தார்கள். பெயர்ப்பலகையில் 'உருக்காலை' என்று எழுதியிருந்ததால், நாமும் பல ஆண்டு அமைதி அடைந்துவிட்டோம்.

அந்தப் பாடம் இந்தப் பச்சைப் பலகைக்கும் பொருந்தும். 'பலகை ஆலை' என்று பெயர்ப்பலகை மாட்டி, வெளிநாட்டில் பாதி முடிந்த பலகையை இறக்கி, இங்கே துளையிட்டுப் பூச்சுப் பூசி அனுப்பினால், அதுவும் உருட்டாலைதான். ஒவ்வொரு ஆலையும் ஆண்டுக்கு ஆண்டு எத்தனை படியைத் தன் சுவருக்குள் கொண்டுவந்தது, எத்தனை மூலப்பொருளை இந்நாட்டிலே வாங்கியது என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். ஊக்கத்தொகை மக்கள் பணம். கணக்குக் கேட்பது மக்கள் உரிமை.

இரண்டாவது கணக்கு, நீரின் கணக்கு.

பலகைத் தொழில் நீரைக் குடிக்கும் தொழில். ஒவ்வொரு படிக்கும் பின்னால் கழுவ வேண்டும். கழுவிய நீரிலே செம்பு இருக்கும், அமிலம் இருக்கும், பிற உலோகங்களும் இருக்கும். அந்த நீர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு நாம் செலுத்திய விலை கொஞ்சமா? பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தைக் கெடுத்தது. 1996இல் உச்சநீதிமன்றம் தலையிட்டு, கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நொய்யலில் சாயநீர் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை, உழவனுக்கு நீர் தரக் கட்டிய அணை, சாயத்தொட்டியாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. உழவன் நிலமும் போயிற்று, தொழிலாளி கூலியும் போயிற்று!

செம்பு என்ற சொல்லைக் கேட்டாலே தமிழன் நெஞ்சில் ஒரு தழும்பு வலிக்கும். 2018 மே 22. தூத்துக்குடி. செப்பு உருக்காலையின் மாசுக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது. 13 உயிர்கள்! ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதைத் திறக்க மறுத்தது. சுத்திகரித்த செம்புக்கு இந்தியா வெளிநாட்டை நோக்கும் நிலை அதன் பின்னர் வந்தது. "பார்த்தீர்களா, போராடியதன் பலன்!" என்று சிலர் நம்மை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வோம்: விரலைத் திருப்புங்கள்! மூச்சுக் காற்றைக் கேட்ட மக்கள் தொழிலுக்குப் பகைவரல்லர். மாசைத் தடுக்கச் செலவிட மனமில்லாத இலாபவெறிதான் தொழிலுக்கு முதற்பகை. ஆலை வேண்டும், ஆற்றைக் கொன்றல்ல. செம்பு வேண்டும், சிவந்த மண்ணின் மேலல்ல.

வழி இல்லாமலும் இல்லை. அரித்த நீரில் கரைந்திருக்கும் செம்பை மின்பகுப்பால் மீட்கலாம், மீட்டு விற்கலாம். வாய்க்காலில் விடுவது குற்றம் மட்டுமல்ல, காசையும் கொட்டுவது. ஒரு சொட்டும் வெளியேறாமல் நீரைத் தூய்மையாக்கித் திரும்பப் பயன்படுத்தும் முறையைத் திருப்பூர் அடிபட்டுக் கற்றது. அந்தப் பாடத்தைப் பலகை ஆலைகள் அடிபடாமலே கற்கட்டும். ஆலையின் அடிக்கல்லுக்கு முன்னே கழிவுநீர் நிலையத்தின் அடிக்கல் விழட்டும். சிறு பட்டறைகளால் தனித்தனியே அந்தச் செலவைத் தாங்க முடியாது. தொழிற்பேட்டைதோறும் பொது நிலையம் அமைப்பது அரசின் கடமை.

மூன்றாவது கணக்கு, மனிதரின் கணக்கு. ஐஸ்லர் கேட்ட சொற்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா?

மின்னணு ஆலைகளின் வரிசையிலே பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும், ஊரை விட்டு, தாயை விட்டு, விடுதியில் தங்கி உழைக்கும் பெண்கள். தந்தையின் கடனை அடைக்கிறார்கள். தம்பியைப் படிக்க வைக்கிறார்கள். அவர்களது சம்பளம் ஓலைக் கூரையை ஓட்டுக் கூரையாக்கி இருக்கிறது. பெண் வெளியூர் போய் வேலை பார்த்தால் குடிகெடும் என்ற கிழட்டு மூடத்தனத்தின் முதுகெலும்பை முறித்திருக்கிறது. இயக்கம் கனவு கண்ட பெண் விடுதலையின் ஒரு படி இது.

ஆனால், 2021 டிசம்பரில் என்ன நடந்தது? விடுதி உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று அறிய முடியாத பெண்கள், நள்ளிரவில், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். 2024இல், சங்கம் வைக்கும் உரிமைக்காக, திருப்பெரும்புதூர்த் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வளைந்துகொடுப்பார்கள் என்று எண்ணியவர்களுக்கு, நிமிர்ந்து நிற்கவும் தெரியும் என்று காட்டினார்கள்!

பலகை ஆலையில் அமிலம் உண்டு, ஆவி உண்டு, நுண்ணிய கண்ணாடித் தூசு உண்டு. கையுறையும் முகக்கவசமும் காற்றுப்போக்கியும் நல்லெண்ணத்தால் தரப்படும் கொடையல்ல. சட்டம் தரும் உரிமை. டெல்லித் திட்டம் ஊக்கத்தொகையின் ஒரு பகுதியை வேலைவாய்ப்பு எண்ணிக்கையோடு இணைத்திருக்கிறது. நல்லது. ஆனால் எத்தனை பேர் என்று எண்ணினால் போதுமா? எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலி, எத்தனை பேருக்குச் சங்கம் என்றும் எண்ண வேண்டாமா? தலையை எண்ணுவது கணக்குப்பிள்ளையின் வேலை. தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அரசியல் இயக்கத்தின் வேலை.

இன்னும் ஒன்று. பெரிய ஆலைக்குக் கம்பளம் விரிக்கும்போது சிறிய பட்டறையை மிதித்துவிடக் கூடாது. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை எழுந்தபோது, சிறு கைகள் சேர்ந்தே பெரிய தொழில் உருவாகும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் கோவையிலும், மோட்டார் தொடக்கிக்கும் மின்னழுத்தச் சீராக்கிக்கும் பலகை செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. பெரிய ஆலை ஒரே படத்தை இலட்சம் முறை அச்சிடும். மாணவனின் ஐந்து பலகையை, புதுக் கருவி செய்பவனின் ஐம்பது பலகையை, அது ஏறெடுத்தும் பாராது. அதைச் செய்யக்கூடியது சிறு பட்டறை. அதற்குக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். பொதுச் சோதனைக்கூடம் வேண்டும். செப்புப் பலகை நியாய விலையில் கிடைக்க வேண்டும். பாலிடெக்னிக்தோறும் ஒரு சிறு பலகைப் பட்டறை இருந்தால், படம் வரைந்த கையே பலகையையும் செய்யும். படித்தவன் வேறு, பாடுபடுபவன் வேறு என்று பிரித்து வைத்த பழைய சாதிப் புத்திக்கு அதைவிட நல்ல மருந்து உண்டா?

ஆகவே, தோழா, உனக்குச் சில வேலைகள்.

உன் பகுதியில் மின்னணு ஆலை வருகிறது என்ற செய்தி கிடைத்தால், முதலில் மகிழ்ச்சியோடு வரவேற்பாயாக. அடுத்த நாளே குறிப்பேட்டை எடு. அங்கே செய்யப்படுவது எது, பொருத்தப்படுவது எது என்று கேள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேள். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேள். நம் ஊர்ப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமா, சங்கம் உண்டா என்று கேள். பக்கத்துச் சிறு பட்டறைக்கு அதில் பங்குண்டா என்று கேள். விடைகளைப் படிப்பகப் பலகையில் எழுது, தெருமுனையில் பேசு. ஆள்வது எவராக இருப்பினும் கேள். நம்மவர் ஆளும்போது கேட்பது துரோகம் என்று எவனாவது சொன்னால், நம்பாதே. கேட்பதற்குப் பழக்கியதால்தான் இது இயக்கம். கைதட்ட மட்டும் பழக்கியிருந்தால் இது வெறுங் கூட்டம்.

சுங்கத்தையும் தொழிற்கொள்கையையும் வகுக்கும்போது, ஆலையைத் தாங்கும் மாநிலத்தைக் கலந்து பேச வேண்டும் என்ற கோரிக்கையையும் ஊர்தோறும் கொண்டு செல். சுயாட்சி என்பது மாநாட்டுத் தீர்மானத்தில் உறங்கும் சொல்லன்று. அம்பத்தூர்ப் பட்டறை நாளை திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதில் அது உயிரோடிருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் வாசலிலே புள்ளி வைத்துக் கோலமிடுகிறார்கள். ஒரு புள்ளி தவறினால் கோலம் கெடும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். செப்புக் கோட்டிலும் அப்படித்தான். மயிரிழை அறுந்தால் கருவி முழுதும் ஊமை. அந்தப் பொறுமையும் நுண்மையும் இந்த மண்ணின் விரல்களில் இருக்கின்றன. அந்த விரல்களுக்கு நாம் தர வேண்டியவை நல்ல கருவி, நல்ல காற்று, நல்ல கூலி, நல்ல நீர். அவற்றைப் பெற்றுத் தரும் வரை ஏற்றுமதிக் கணக்கு நமக்கு மகிழ்ச்சி தரலாம். மனநிறைவு தரக் கூடாது.

உருக்காலை கேட்டு உருட்டாலை பெற்றவர்கள் நாம். இம்முறை அடுப்பும் அரிசியும் உலையும் நம் வீட்டில் இருக்கட்டும். இருபதில் நில்லாதே, எண்பதை மறவாதே!